பேய் விசாரித்தவர்

அவருக்குப் பேய்க்கதை கேட்கிற விசர் என்றுதான் எங்கள் வைத்தியசாலையில் பலரும் நினைத்திருந்தார்கள். புதிதாக யார் வேலைக்கு வந்தாலும் பெயரைக் கேட்பார், ஊரைக் கேட்பார். அடுத்ததாக, "உங்கடை ஊரிலை பேய் இருக்கிற வீடு ஏதும் இருக்கோ?" என்பார். பஸ் வசதி இருக்கிறதா என்று கேட்பதுபோல அவ்வளவு சாதாரணமாகக் கேட்பார்.

சட்ட வைத்திய அதிகாரி. வெளிநாட்டில் மேற்படிப்புப் படித்துவிட்டு வந்தவர். பிரேத அறையில் எதைப் பார்த்தும் முகம் மாறாதவர். அப்படிப்பட்டவர் பேய் விசாரித்துத் திரிவது சிற்றூழியர்களுக்குப் பெரிய பகிடி. "பிணத்தோடை இருந்து இருந்து மனுசிக்குப் பிடிச்சிட்டுது" என்பார்கள். அவர் காதிலும் விழுந்திருக்கும். ஒன்றும் சொல்லமாட்டார்.

அளவெட்டியில், எங்களோடு வேலை செய்த ஒரு பிள்ளையின் கல்யாணவீடு. தவிலும் நாதஸ்வரமும் உச்சத்தில் நின்றன. பந்தியில் எனக்குப் பக்கத்தில் இருந்த அவர், பாயாச வாளியோடு வந்த கிழவரை மறித்து ஊரில் பேய் உண்டா என்று விசாரித்தார். கிழவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. சுடலை, புளியமரம், தூக்குப்போட்டுச் செத்த ஒரு நாட்டுவைத்தியப் பரியாரியார் என்று தொடங்கினார். இவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதெல்லாம் பழைய பேய், ஐயா. இப்பக் கிட்டடியிலை புதுசா ஏதும் வந்ததோ?" என்றார். கிழவர் வாளியைக் கீழே வைத்து யோசித்தார். அப்படி ஒன்றும் இல்லை என்றார். அதைக் கேட்ட பிறகுதான் இவர் இலையில் கை வைத்தார். முகத்தில் ஓர் ஆறுதல் தெரிந்தது. எனக்கு அப்போது ஒன்றும் விளங்கவில்லை.

அவருடைய பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் அவருக்குப் பிடிக்காது. மெலிந்த உடம்பு, கஞ்சி போட்ட பருத்திச் சேலை, காதோரம் மட்டும் நரை. தனியாக இருந்தார். ஞாயிறு காலையில் தேவாலயத்துக்குப் போவார், கடைசி வாங்குப் பலகையில், வாசலோடு இருப்பார். பழைய சின்னக் கார் ஒன்றைத் தானே ஓட்டுவார். எந்த வெயிலிலும் கார்க் கண்ணாடி இறக்கித்தான் இருக்கும். வெளிச் சத்தம் கேட்கவேண்டும் அவருக்கு.

பொலிஸார் அனுப்புகிற பெண்களையும் பிள்ளைகளையும் அவர் சோதிக்கிற அறையில் தாதியாக நான் சில வருடம் நின்றேன். உள்ளே ஒரு பிள்ளை வந்ததும் அவர் செய்கிற முதல் வேலை, காற்றாடியை நிறுத்துவது. வைகாசி வெக்கையிலும் நிறுத்துவார். சேலை முதுகில் ஒட்டும். "சின்னக் குரலைக் காத்தாடி விழுங்கிப்போடும், தங்கச்சி" என்பார்.

ஒருநாள் ஒரு சின்னப்பிள்ளையைக் கொண்டுவந்தார்கள். கொஞ்சக் காலமாக அவள் கதைப்பதில்லை. பார்வை பார்த்து, நூல் கட்டி, கோயில் கோயிலாக அலைந்து, கடைசியில் வகுப்பு ரீச்சர் ஒருவர் சந்தேகப்பட்டதால் எங்களிடம் வந்து சேர்ந்தவள். தாய் வெளியே வாங்கில் இருந்தாள். டொக்டர் நிலத்தில் சப்பணம் கட்டி இருந்து, ஒரு பை கச்சான் கடலையைப் பிரித்து, தோலை உடைத்து உடைத்துப் பிள்ளைக்குக் கொடுத்தார். நெடுநேரம் வேறொன்றும் நடக்கவில்லை. பிறகு மெல்லக் கேட்டார்.

"உங்கடை வீட்டுப் பக்கம் பேய் வாறதோ, அம்மா?"

பிள்ளை தலையாட்டினாள்.

"எப்பிடி வரும்?"

பிள்ளை வாயில் இருந்ததை மென்று விழுங்கினாள். "பாட்டாவைக் கழட்டி வாசலிலை விட்டிட்டு வரும்" என்றாள்.

 டொக்டர் இன்னொரு கச்சானை உடைத்து நீட்டினார்.

"வந்து?"

"முதல் அம்மாட்டைத் தேத்தண்ணி வாங்கிக் குடிக்கும்."

 வாசலில் செருப்புக் கழற்றுகிற, தாயின் கையால் தேநீர் வாங்கிக் குடிக்கிற பேய். மற்றதெல்லாவற்றையும் அவள் தன் நேரத்துக்குச் சொன்னாள். அவசரப்படுத்தாமல், ஒரு சொல்லும் எடுத்துக்கொடுக்காமல் டொக்டர் கேட்டுக்கொண்டிருந்தார்.

அவர் பேய் விசாரிப்பதன் அர்த்தம் எனக்கு முழுதாக விளங்கியது இன்னொரு வழக்கில். இராணுவம் விட்ட காணிகளில் சனங்கள் திரும்பிப்போய்க் குடியிருக்கிற ஓர் ஊர் அது, கீரிமலைக்குப் போகிற பக்கம். இன்னும் பல வீடுகளுக்குக் கூரை இல்லை. உள்ளே மரம் முளைத்திருக்கும். கடையொன்றில் வேலை செய்துவிட்டு மத்தியானம் வீடு திரும்பிய ஓர் இளம்பெண்ணை அப்படியொரு வீட்டுக்குள் இழுத்துப்போயிருக்கிறார்கள். தான் கத்தியதாக அவள் சொன்னாள். அயலில் ஆட்கள் இருந்தும் ஒருவரும் வரவில்லை, ஆகவே அவள் கத்தியிருக்கமாட்டாள் என்று பொலிஸார் நினைத்தார்கள். அதற்கு மேல் அவர்கள் என்ன நினைத்தார்கள் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

டொக்டர் இடத்தைப் பார்க்கவேண்டும் என்றார். என்னையும் கூட்டிக்கொண்டு போனார். பொலிஸ்காரர் இருவர் குறுகலான அந்த ஒழுங்கை முகப்பில் நின்றார்கள். என்னை அந்த வீட்டுக்குள் விட்டு, "நான் போய் வேலிக்கு அங்காலை நிக்கிறன். உங்களுக்கு ஏலுமான மட்டும் கத்துங்கோ" என்றார்.

முதலில் எனக்கு வெட்கமாக இருந்தது. மெல்லக் கூப்பிட்டேன். பிறகு சுவரில் கிடந்த கரியையும், மூலையில் சுருண்டு கிடந்த ஒரு துணியையும் பார்த்ததும், எங்கிருந்து வந்ததென்று தெரியாமல் "அம்மா" என்று கத்தினேன். திரும்பத் திரும்பக் கத்தினேன். உச்சி வெயில். காகங்கள் எழும்பிப் பறந்தன. ஒருவரும் வரவில்லை.

கொஞ்சநேரத்தில் டொக்டர் வந்து என் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு அடுத்த வளவுக்குப் போனார். அங்கே மூன்று பெண்கள் பனங்கிழங்கைத் தோலுரித்து நடுவால் கிழித்துக் காயப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"இப்ப ஒரு சத்தம் கேட்டதோ?"

"ஓம், கேட்டது" என்றாள் அவர்களில் மூத்தவள்.

"அப்ப ஏன் ஒருத்தரும் எழும்பேல்லை?"

"உது உந்த வீட்டிலை கேக்கிறதுதானே, டொக்டர். சண்டைக்கை செத்த பெட்டை ஒண்டு. தாயைக் கூப்பிடுறது. நாங்கள் இப்பப் பழகீட்டம்."

சொல்லிவிட்டு அடுத்த கிழங்கை எடுத்தாள். நான் உயிரோடு அவள் முன்னால் நின்றுகொண்டிருந்தேன். என் தொண்டை இன்னும் நொந்துகொண்டிருந்தது. என் குரலைக் கேட்டு, என்னைச் செத்தவளாக்கி, கிழங்கு கிழிக்கிற வேலையைக் குறைவில்லாமல் செய்திருக்கிறார்கள். அவர்கள் கெட்ட மனிதர்கள் அல்ல. எனக்குத் தண்ணீர் தந்தார்கள்.

திரும்பி வரும்போது காரில் டொக்டர் சொன்னார்: "அந்தப் பிள்ளை கத்தினவள், தங்கச்சி. எல்லாருக்கும் கேட்டது." கொஞ்சதூரம் போனபிறகு, "காயத்தைப் பாத்து எழுதச் சொல்லித்தான் எங்களைப் படிப்பிச்சவை. எங்கடை சனம் காயம் ஆறினாப்பிறகுதான் பிள்ளையைக் கொண்டுவரும். உடம்பு கெதியா ஆறிப்போடும். உடம்பிலை ஒண்டும் இல்லை எண்டா ஒண்டும் நடக்கேல்லை எண்டு நினைப்பினம். நான் வேறை எங்கை போய்த் தேடுறது?" என்றார்.

மாவட்ட நிர்வாக அலுவலகமான கச்சேரியில் ஒருமுறை கூட்டம். இந்தக் குற்றங்கள் மாவட்டத்தில் எங்கெங்கே நடக்கின்றன என்று திரையில் படம் காட்டினார்கள். சிவப்புப் புள்ளிகள். தெருவிளக்குப் போடவேண்டும், பற்றைகளை வெட்டவேண்டும், வெளியாட்களைக் கண்காணிக்கவேண்டும் என்று ஒவ்வொருவராகச் சொன்னார்கள். டொக்டரின் முறை வந்தது. தாள் ஒன்றும் இல்லாமல் எழுந்து நின்றார்.

"லைற் போடுங்கோ, வேண்டாம் எண்டேல்லை. ஆனா என்னட்டை வாற பிள்ளையளிலை கனபேருக்கு நடந்தது பட்டப்பகலிலை. வீட்டுக்காரரே கதவு திறந்து உள்ளை விட்ட ஆள்தான் செய்தது. நீங்கள் புள்ளி போட்டிருக்கிறது முறைப்பாடு வந்த இடம். எனக்குப் பயம் புள்ளி இல்லாத இடத்துக்குத்தான்." பிறகு, வகுப்பில் சொல்வதுபோல நிதானமாகச் சொல்லிக்கொண்டே போனார். கடற்கரைப் பக்கம் வீடுகள் நெருக்கம், ஓர் அழுகை எல்லோருக்கும் கேட்கும். கேட்டவர்களே கூடிப் பேசி, அவனுக்கே அவளைக் கட்டிவைத்து முடித்துவிடுவார்கள். வயிற்றில் பிள்ளையோடுதான் அவள் தன்னிடம் வருவாள். தோட்டக் கிராமங்களில் முன்பு தென்னங்கிடுகு வேலி. இப்போது வெளிநாட்டுக் காசில் ஆளுயர மதில். அங்கே கேட்காது, கேட்டாலும் அடுத்த வளவுக்கு எட்டிப்பார்ப்பது மரியாதையில்லை. சனம் பெயர்ந்து திரும்பிய இடங்களில் கேட்கும். கேட்டவர்கள் செத்தவர்களின் சத்தம் என்று விட்டுவிடுவார்கள். "அவையிலை பிழை இல்லை. அந்த மண்ணிலை அவ்வளவு பேர் செத்தவை. ஆனா இப்ப அழுறது உயிரோடை இருக்கிற பிள்ளையள்."

மண்டபத்தில் ஒருவர் இருமினார். தலைமை தாங்கியவர் நன்றி சொல்லி, தெருவிளக்கு விடயத்துக்குத் திரும்பினார்.

அதற்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் வீட்டுக்குப் போயிருந்தேன். எங்கள் ஊர் வலிகாமத்தில், வெங்காயமும் புகையிலையும் விளைகிற செம்மண். அப்பா இல்லை. அம்மா தனியாக இருந்தார். சோறு போட்டுக்கொண்டே அவர் சொன்னார்:

"பக்கத்து வளவுக்கு ஒரு சாந்தி செய்விக்கவேணும், பிள்ளை. உந்தக் கனடாக்காரற்றை பூட்டிக் கிடக்கிற வீட்டுக்கை ஒரு பெட்டை விக்கி விக்கி அழுகுது. பிறகு கிணத்தடியிலை தண்ணி ஊத்துற சத்தம். முந்தி அந்தக் கிணத்திலை ஒருத்தி விழுந்தவள் எல்லே."

 எழுந்து, கையைக் கழுவிக்கொண்டு, டொக்டருக்கு அழைப்பு எடுத்தேன்.

அன்று பின்னேரமே அவர் வந்தார். விறாந்தையில் கதிரை போட்டு இருத்தி அம்மா தேநீர் கொடுத்தார். மேசையில் ஒரு தட்டில் வடையும் மோதகமும் மூடி வைத்திருந்தது. காலையில் சித்தப்பா கொண்டுவந்து கொடுத்த கோயில் பிரசாதம். அப்பாவின் ஒன்றுவிட்ட தம்பி அவர். ஓய்வுபெற்ற அரசாங்க உத்தியோகத்தர், கோயில் தர்மகர்த்தா. அம்மாவின் மருந்து முடிந்தால் வாங்கி வந்து கொடுப்பதும் அவர்தான்.

டொக்டர் தேநீரைத் தொடவில்லை. "எந்த நேரம் அம்மா கேக்கும்?"

"மத்தியானம் திரும்பினாப்பிறகு. ராவிலை ஒருநாளும் கேட்டேல்லை."

"சனி ஞாயிறிலை?"

அம்மா யோசித்தார். "இல்லை. சனி ஞாயிறு கேக்கிறேல்லை. இஞ்சை பாருங்கோ, நான் உதை யோசிக்கேல்லை."

"எப்பவும் விடாமல் கேக்குதோ, இடையிலை நிண்டதோ?"

"நிண்டது. நல்லூர்க் கொடியேறினதோடை நிண்டது. முருகன்தான் துரத்திப்போட்டார் எண்டு நான் விளக்குக்கூட வைச்சனான். பிறகு திருவிழா முடிஞ்சு, பள்ளிக்கூடம் துவங்கி..."

 தான் சொன்னதைத் தானே அப்போதுதான் கேட்டவர்போல அம்மா என்னைப் பார்த்தார். பள்ளிக்கூட விடுமுறைக்கு விடுமுறை எடுக்கிற பேய்.

மதிலுக்கு அப்பால் ஒரு மாமரத்தின் உச்சி மட்டும் தெரிந்தது. அதில் காற்றே இல்லை.

"அந்த வீட்டுத் திறப்பு ஆரிட்டை இருக்கு?" என்று டொக்டர் கேட்டார்.

 அம்மா மேசையில் இருந்த தட்டைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு எழுந்து அந்தத் தட்டைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள் போனார். எதையோ அடுப்புக்குள் தட்டுகிற சத்தம் கேட்டது.

அந்த ஒழுங்கையில் வெளிநாட்டிலிருப்பவர்களின் வீடுகள் எல்லாவற்றின் திறப்புகளும் ஒரே சாவிக்கொத்தாகச் சித்தப்பாவின் இடுப்பில்தான் தொங்கின.

"இதை நீங்கள் ரெண்டுபேரும் ஒருத்தரிட்டையும் கதைக்கக்கூடாது. அவர் வந்தா வழமைபோலை இருங்கோ" என்று சொல்லிவிட்டு டொக்டர் போனார். அம்மா அதைச் செய்தார். அடுத்தநாள் காலையில் படலை வாசலுக்கு வந்த சித்தப்பாவோடு நின்று, சிரித்து, விபூதி வாங்கிப் பூசிக்கொண்டார். எப்படிச் செய்தார் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. மத்தியானம் பள்ளிக்கூடம் விட்ட பிறகு, சிறுவர் நன்னடத்தை உத்தியோகத்தரும் பெண் பொலிஸாரும் அந்த மதிலுக்குள் போனார்கள்.

அங்கே இருந்த பிள்ளை பின் ஒழுங்கைப் பிள்ளை. எனக்குத் தெரிந்தவள். தாய் பிறர் தோட்டத்தில் பின்னேரம் வரை வேலை செய்கிறவள். பூஞ்செடிகளுக்குத் தண்ணீர் விடச் சித்தப்பா கூப்பிட்டிருக்கிறார். அவளை எங்கள் அறைக்குக் கொண்டுவந்தபோது நான்தான் கடமையில் நின்றேன். டொக்டர் காற்றாடியை நிறுத்தினார். பேய் பற்றி அன்றைக்கு அவர் ஒன்றும் கேட்கவில்லை. சோதனை எல்லாம் முடிந்து, நான் அவளுடைய தலைமயிரைப் பின்னிவிட்டுக்கொண்டிருந்தபோது, பிள்ளை திரும்பாமலே என்னிடம் கேட்டாள்.

"அக்கா, நான் சத்தமாத்தான் அழுதனான். உங்கடை வீட்டிலை கேக்கேல்லையே?"

 டொக்டர்தான் அவள் முன்னால் வந்து குந்தி இருந்து சொன்னார்.

"கேட்டது, அம்மா. கேட்டவை பிழையா விளங்கிப்போட்டினம். நீ அழுதது வீண் போகேல்லை. அதாலைதான் நாங்கள் வந்தனாங்கள்."

பிள்ளை அதைக் கொஞ்சநேரம் யோசித்துவிட்டுத் தலையாட்டினாள்.

அவளைக் கூட்டிக்கொண்டு போனபிறகு நாங்கள் இருவரும் அந்த வெக்கையில் அப்படியே இருந்தோம். காற்றாடியைப் போட ஒருவருக்கும் தோன்றவில்லை. பல வருடமாகக் கேட்க நினைத்ததை அப்போது கேட்டேன். "உங்கடை ஊரிலை பேய் இருந்ததோ, டொக்டர்?"

"இருந்தது. எங்கடை வீட்டிலைதான்." கையுறையை விரல் விரலாகக் கழற்றினார். "சத்தம் கேக்குது எண்டு போதகரைக் கூட்டிக்கொண்டு வந்து ஜெபம் பண்ணினவை. எல்லாரும் முழங்காலிலை நிண்டு. அழுதது ஆர் எண்டு தெரிஞ்ச நானும் நிண்டனான்."



வழக்கு இழுபட்டுக்கொண்டு போனது. மேல் நீதிமன்றத்தில் எதிர்த்தரப்புச் சட்டத்தரணி டொக்டரைச் சாட்சிக் கூண்டில் நிறுத்தி, சிரித்துக்கொண்டே கேட்டார்: "பேய் அழுகுது எண்டு கேள்விப்பட்டுத்தானே நீங்கள் அந்த வீட்டுக்குப் பொலிஸை அனுப்புவிச்சனீங்கள். டொக்டர், நீங்கள் பேயை நம்புறனீங்களோ?"

பின் வாங்குகளில் இருந்தவர்களிடம் சிரிப்பு எழுந்தது.

"பேய் இருக்கு எண்டு சொன்ன எல்லாருக்கும் ஒரு சத்தம் கேட்டது. நான் அதை நம்பினனான்" என்றார் டொக்டர். சிரிப்பு நின்றுவிட்டது.

சித்தப்பாவுக்குத் தண்டனை கிடைத்தது. மேன்முறையீடு செய்திருக்கிறார்கள். பிள்ளையும் தாயும் வன்னிக்குள் உறவினரோடு போய் இருக்கிறார்கள். பிள்ளை படிக்கிறாள், நன்றாகப் படிக்கிறாள் என்று கேள்வி. எங்கள் சொந்தக்காரர் பலர் அம்மாவோடு கதைப்பதில்லை. கோயிலில் அம்மா வந்தால் விலகி நிற்கிறார்கள். ஊரில் இன்றைக்கும் அந்த வீட்டுக்குப் பெயர் பேய்வீடு. சித்தப்பாவின் பெயரை ஒருவரும் சொல்வதில்லை. பேயைச் சொல்வது அவர்களுக்குச் சுகமாக இருக்கிறது.

டொக்டருக்கு மட்டக்களப்புப் பக்கம் மாற்றம் வந்தது. பிரியாவிடை வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். அங்கே போய்ச் சேர்ந்ததும் முதல் வேலையாக யாரிடம் பேய் விசாரித்திருப்பாரோ தெரியாது. இடைக்கிடை தொலைபேசியில் கதைப்போம்.

போன கிழமை நான்தான் எடுத்தேன். அம்மாவைப் பற்றி அவரிடம் ஆலோசனை கேட்க வேண்டியிருந்தது. அம்மாவுக்கு இப்போது மத்தியானத்தில் நித்திரை இல்லை. பூனை கத்தினாலும், எங்காவது ஒரு குழந்தை சிணுங்கினாலும், கதவு கிறீச்சிட்டாலும், முழங்கால் வலியோடு எழுந்து ஒழுங்கைக்குப் போய் நின்று கூப்பிடுகிறார். யாரும் இல்லாவிட்டாலும் கூப்பிடுகிறார். அயலில் சிரிக்கிறார்கள். மனநல டொக்டரிடம் காட்டவேண்டுமோ என்று கேட்டேன்.



"என்னெண்டு கூப்பிடுறவா?" என்றார்.

"'ஆர் பிள்ளை அது? பயப்பிடாதை, நான் இஞ்சை நிக்கிறன், வா' எண்டு."

அந்தப் பக்கத்தில் நெடுநேரம் ஒரு சத்தமும் இல்லை. இணைப்பு அறுந்துவிட்டது என்று நினைத்தேன். டொக்டர், டொக்டர் என்று கூப்பிட்டேன்.

"இருக்கிறன், தங்கச்சி" என்றார். குரல் மிகச் சின்னதாக வந்தது. "அம்மா கூப்பிடுறதை இன்னொருக்காச் சொல்லுங்கோ."

நான் சொன்னேன்.